இட்டெர்பி சுரங்கத்தை ஏன் மறுபடி திறக்கவில்லை?

நீங்கள் கேட்டது இது: சுவீடனில் இட்டெர்பி என்ற ஒரே சுரங்கத்திலிருந்து இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று வரிசையாகத் தனிமங்கள் கிடைத்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் இட்ரியம், டெர்பியம், ஸ்காண்டியம், கடோலினியம் எல்லாம் இருக்கின்றன. அப்படியிருக்க 1933இல் மூடிய அந்தச் சுரங்கத்தை இன்னும் ஏன் திறக்காமல் வைத்திருக்கிறார்கள்? கூடவே, ஸ்டாக்ஹோம் போனால் அங்கிருந்து ஒரு கல் எடுத்து வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இத்தனை தனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்றால் அங்கே அவை ஏராளமாக இருக்க வேண்டுமே, இல்லையா? உண்மையில் உங்களைக் குழப்புவது அதுதான் என்று நினைக்கிறேன், அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

இல்லை, ஏராளமாக இருக்கத் தேவையில்லை. இட்டெர்பி எந்தக் காலத்திலும் அரிய மண் தனிமங்களுக்கான (ஸ்காண்டியம், இட்ரியம், கூடவே லாந்தனம் முதல் லூட்டீசியம் வரை, வேதி நடத்தையில் ஒன்றையொன்று ஒத்த 17 தனிமங்கள்) சுரங்கமாக இருந்ததில்லை. அது குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் வெட்டிய சுரங்கம். கண்டுபிடிப்புகளுக்குக் காரணமான கறுப்புக் கனிமங்கள் அந்த வேலையில் இடையிடையே கிடைத்தவை. பல வருடங்களாகப் பெக்மடைட் பாறைகளைப் பார்த்து, உடைத்து, வரைபடம் போட்டுப் பழகியவன் என்ற முறையில் பாறையைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலைகளின் வரவு செலவு என் துறை இல்லை, அந்தப் பக்கம் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

சுரங்கம் இருப்பது ஸ்டாக்ஹோமுக்கு வடகிழக்கே, வாக்ஸ்ஹோம் நகராட்சியைச் சேர்ந்த ரெசாரோ தீவில். பாறை பெக்மடைட் வகை, அதற்கு வயது சுமார் 180 கோடி வருடம். முதலில் குவார்ட்ஸுக்காக வெட்டினார்கள். இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு அது தேவைப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பீங்கான் தொழிலுக்கு ஃபெல்ஸ்பார் தேவைப்பட ஆரம்பித்ததும், அதுவரை இரண்டாம் இடத்தில் இருந்த ஃபெல்ஸ்பாரே முக்கியச் சரக்காக மாறிவிட்டது. கப்பலில் ஏற்றக் கடல் பக்கத்திலேயே இருந்தது வசதி. மூடும்போது சுரங்கம் ஏறக்குறைய 170 மீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தது. இவ்வளவு ஆழம் தோண்டியதும் பீங்கானுக்காகத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

அப்புறம், பெக்மடைட் என்றால் என்ன? கிரானைட் உருவாகும் பாறைக்குழம்பு ஆறும்போது ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா இவை படிகமாகிக்கொண்டே போகும். இந்தப் படிகங்களின் கட்டமைப்புக்குள் எந்த அயனி பொருந்துகிறதோ அதை அவை எடுத்துக்கொள்ளும், பொருந்தாதவை மிச்சக் குழம்பிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் உப்பு படிந்தபிறகு மெக்னீசியமும் புரோமினும் செறிந்த கசப்பு நீர் மிஞ்சுகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். பெரிலியத்தின் அயனி ரொம்பச் சிறியது, டான்டலத்துக்கும் நியோபியத்துக்கும் மின்னூட்டம் அதிகம், இட்ரியமும் அதன் கூட்டாளிகளும் மூன்று மின்னூட்டத்தோடு ஃபெல்ஸ்பாருக்குள் இடம் கிடைக்காமல் நிற்கின்றன. இவற்றோடு நீரும் ஃபுளூரினும் சேர்ந்த கடைசிக் குழம்பு பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்தால் அதுதான் பெக்மடைட். படிகங்கள் விரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரை, சில இடங்களில் அதைவிடப் பெரிதாகவும் வளரும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்டா சுரங்கத்தில் கிடைத்த ஸ்பாடுமீன் என்ற லித்தியம் கனிமத்தின் ஒரு படிகம் சுமார் 14 மீட்டர் நீளம்.

இந்தப் படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. குழம்பு மெல்ல மெல்ல ஆறினால் படிகம் பெரிதாகும் என்றுதான் பாடப்புத்தகங்கள் ரொம்பக் காலம் சொல்லிவந்தன, நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது பல ஆய்வாளர்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்: உறையவேண்டிய வெப்பநிலைக்கும் வெகுகீழே குழம்பு குளிர்ந்துவிடுகிறது, படிகக் கருக்கள் மிகக் குறைவாகவே தோன்றுகின்றன, தோன்றியவை வேகமாக வளர்ந்துவிடுகின்றன என்கிறார்கள். மெல்லிய பெக்மடைட் நாளங்கள் வெகு சீக்கிரத்திலேயே ஆறிப்போயிருக்க வேண்டும் என்று வெப்பக் கணக்குகள் காட்டுவதால் எனக்கு இரண்டாவது பக்கம்தான் பலமாகத் தெரிகிறது, ஆனாலும் முடிந்த விவாதமாக அதைச் சொல்ல மாட்டேன். பெக்மடைட்டுகளை லித்தியம், சீசியம், டான்டலம் செறிந்தவை என்றும், நியோபியம், இட்ரியம், ஃபுளூரின் செறிந்தவை என்றும் இரண்டு குடும்பமாகப் பிரிப்பது வழக்கம். இட்டெர்பி இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பங்கள் ஏன் இப்படிப் பிரிந்தன, மூலக் குழம்பு எந்தப் பாறை உருகி வந்தது என்பதிலும் கருத்து வேறுபாடுகள் உண்டு.

சரி, அந்தக் கறுப்புக் கல்லுக்கு வருவோம். கடோலினைட் என்பது இட்ரியம், இரும்பு, பெரிலியம், சிலிக்கா சேர்ந்த கனிமம். கையில் எடுத்த உடனே எடை தெரிந்துவிடும். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நீரைப்போல் சுமார் 2.6 மடங்கு கனம், கடோலினைட் நான்கு மடங்குக்கும் மேல். வெளியே மந்தமாக, சில சமயம் வெள்ளைப் பூச்சு படிந்து இருக்கும். அந்தப் பூச்சும் பல நேரம் டெங்கரைட் என்ற இட்ரியம் கார்பனேட், இட்டெர்பியிலிருந்தே முதலில் விவரிக்கப்பட்ட கனிமம். உடைத்தால் உள்ளே கண்ணாடி உடைந்த மாதிரி வளைந்த, பளபளக்கும் கறுப்பு முகம். மெல்லிய சில்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் அடர்பச்சை தெரியும். அதில் கொஞ்சம் தோரியமும் யுரேனியமும் கலந்திருப்பதால் கோடிக்கணக்கான வருடங்களில் படிக அமைப்பே கதிர்வீச்சால் குலைந்து, கனிமம் உப்பிப்போய், சுற்றியுள்ள ஃபெல்ஸ்பாரில் நட்சத்திர வடிவில் வெடிப்புகளை உண்டாக்கியிருக்கும். பக்கத்துக் குவார்ட்ஸ் புகை நிறமாகவும் ஃபெல்ஸ்பார் சிவந்தும் இருக்கும். களத்தில் நாங்கள் கறுப்புக் கல்லைத் தேடுவதற்கு முன் இந்தப் புகை நிறத்தையும் வெடிப்புகளையும்தான் தேடுவோம், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

1787இல் இதைக் கவனித்தவர் கார்ல் ஆக்சல் அர்ஹீனியஸ், பீரங்கிப் படையில் லெப்டினன்ட், வேதியியலில் நல்ல ஈடுபாடு உள்ளவர். கனத்தைப் பார்த்துவிட்டு, அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த டங்ஸ்டன் இதில் இருக்கலாம் என்று நினைத்தார். இன்றைய பின்லாந்தின் துர்க்கு நகரில் பேராசிரியராக இருந்த யோஹான் கடோலின் அதைப் பகுத்துப் பார்த்து, 38 சதவீதம் அதுவரை தெரியாத ஒரு 'மண்', அதாவது ஆக்சைடு, இருக்கிறது என்று 1794இல் வெளியிட்டார். 1797இல் உப்சாலாவின் ஆண்டர்ஸ் குஸ்டாஃப் எகெபெர்க் அதை உறுதிசெய்து இட்ரியா என்று பெயரும் வைத்தார். கடோலினின் பகுப்பில் அலுமினா என்று ஒரு பெரும்பங்கு வருகிறது, அதில் பெரிலியம் ஒளிந்திருந்தது. அலுமினியமும் பெரிலியமும் வேதி நடத்தையில் அவ்வளவு ஒத்திருப்பவை, அன்றைய முறைகளில் பிரித்துச் சொல்வது எளிதில்லை. 1798இல் பாரிசில் வேதியியலாளர் வாக்லான் மரகத வகைக் கனிமத்திலிருந்து பெரிலியத்தை வேறுபடுத்திக் காட்டிய பிறகுதான் கடோலினைட்டிலும் அது இருப்பது தெரியவந்தது. கடோலினின் பகுப்பாய்வுத் திறமையை நான் ரொம்ப மதிக்கிறேன். ஒரு தராசு, ஒரு உலை, சில அமிலங்கள், இவ்வளவை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் 38 என்ற எண்ணுக்கு வந்து சேர்வது பெரிய வேலை.

அந்தப் புதிய 'மண்' ஒரே பொருள் இல்லை என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1843இல் ஸ்டாக்ஹோமில் கார்ல் குஸ்டாஃப் மோசாண்டர் அதை மூன்றாகப் பிரித்தார்: இட்ரியா, எர்பியா, டெர்பியா ('யா' என்று முடிந்தால் ஆக்சைடு, 'யம்' என்று முடிந்தால் தனிமம்). பின்னால் வந்தவர்கள் கடைசி இரண்டின் பெயர்களையும் மாற்றிப் பயன்படுத்திவிட்டார்கள், அப்படியே நிலைத்தும்விட்டது. பழைய கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1878இல் ஜெனீவாவில் மாரின்யாக் எர்பியாவிலிருந்து இட்டெர்பியாவைப் பிரித்தார். 1879இல் உப்சாலாவில் நில்சன் ஸ்காண்டியத்தையும், அதே வருடம் கிளீவ் ஹோல்மியத்தையும் தூலியத்தையும் கண்டார்கள். ஸ்காண்டியம் என்பது மெண்டலீவ் 1871இல் முன்கூட்டியே சொல்லியிருந்த தனிமம் என்று காட்டியவரும் கிளீவ்தான். 1907இல் இட்டெர்பியாவுக்குள்ளிருந்தே லூட்டீசியம் வந்தது. ஆக, முதல் கல்லிலிருந்து கடைசிப் பிரிப்பு வரை 120 வருடம்.

இத்தனை வருடம் ஆனதற்கும் அயனியின் அளவுதான் காரணம். அரிய மண் தனிமங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மின்னூட்டம், அயனி ஆரத்திலோ ஒன்றுக்கொன்று சொற்ப வித்தியாசம். இட்ரியத்துக்கும் ஹோல்மியத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, 0.90 ஆங்ஸ்ட்ராம். கனிமத்தால் இவற்றை வேறுபடுத்தத் தெரியாது, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். வேதியியலாளர்களுக்கும் அதே சிக்கல். கரைத்து, பாதி படியவிட்டு, படிந்ததை மறுபடி கரைத்து என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1911இல் வேதியியலாளர் சார்லஸ் ஜேம்ஸ் தூலியத்தைத் தூய்மையாக எடுக்க சுமார் 15,000 முறை மறுபடிகமாக்கினார் என்பார்கள். இன்னும் எத்தனை தனிமங்கள் பாக்கி இருக்கின்றன என்பது 1913இல் இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் அளவீடுகள் வரும்வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, அதனால் அந்தக் காலத்தில் அறிவிக்கப்பட்ட பல 'புதிய தனிமங்கள்' கலவைகளாகவே போய்விட்டன.

இட்டெர்பி எத்தனை தனிமங்களைக் கொடுத்தது என்று இணையத்தில் நான்கு, ஏழு, எட்டு, ஒன்பது என்று விதவிதமாகப் பார்த்திருப்பீர்கள். இதில் உறுதியானது இவ்வளவு: ஊரின் பெயரையே தாங்கியவை நான்கு. எகெபெர்க் 1802இல் கண்ட டான்டலத்துக்கு இட்டெர்பியிலிருந்து வந்த இட்ரோடான்டலைட்டும் பின்லாந்தின் கிமிட்டோவிலிருந்து வந்த டான்டலைட்டும் சேர்ந்தே மூலப்பொருள், ஆகவே பாதிப் பெருமை அங்கே போகும். ஹோல்மியமும் தூலியமும் எர்பியாவின் உள்ளிருந்து வந்தவை என்பதால் இந்தப் பரம்பரையில் சேர்ப்பது நியாயம். ஸ்காண்டியத்துக்கு நில்சன் யூக்ஸனைட், கடோலினைட் இரண்டையும் பயன்படுத்தினார், அதனால் அதை முழுக்க இட்டெர்பிக் கணக்கில் எழுத எனக்குத் தயக்கம். கடோலினியம் பெயரில்தான் சொந்தம், மாரின்யாக் 1880இல் அதைக் கண்டது சமர்ஸ்கைட் என்ற வேறு கனிமத்தில். எண்ணிக்கை மாறுவது யாரும் பொய் சொல்வதால் இல்லை, எதைச் சேர்ப்பது என்ற அளவுகோல் மாறுவதால்தான்.

கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் உள்ள தூரம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு தனிமத்தைக் கண்டறிய ஆய்வகத்துக்குச் சில கிராம், அதிகம் போனால் சில கிலோ கனிமம் போதும். பெக்மடைட் அதற்கு ஏற்ற இடம், ஏனென்றால் அரிதானதை அது கையால் பொறுக்கும் அளவுக்குப் பெரிய படிகமாகத் திரட்டித் தருகிறது. இட்ரியம் பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு, தூலியம்கூட வெள்ளியைவிட அதிகம். ஆனால் சாதாரணக் கிரானைட்டில் இவை பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பதால் பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலாளரின் கண்ணில் படவே படாது. இட்டெர்பியில் ஒரு ராணுவ அதிகாரி குனிந்து பொறுக்கி எடுக்க முடிந்தது. சுவீடனில் அந்த நேரத்தில் கனிமங்களைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாக இருந்தார்கள் என்பதும் பெரிய காரணம். இதே கறுப்புக் கல் வேறு நாடுகளின் பெக்மடைட்டுகளிலும் உண்டு, அங்கே அர்ஹீனியஸ்களும் கடோலின்களும் இல்லை, அவ்வளவுதான்.

தொழில் என்று வந்தால் கணக்கு வேறு. ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம், இட்டெர்பியின் அளவீடு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டன் பெக்மடைட்டுக்கு ஒரு கிலோ கடோலினைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய பாதி இட்ரியம் வகை ஆக்சைடு, அதாவது டன்னுக்கு அரைக் கிலோ. ஆயிரம் டன் ஆக்சைடு வேண்டுமென்றால் இருபது லட்சம் டன் பாறை உடைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 90 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு கனசதுரம். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் வெட்டப்படும் அரிய மண் ஆக்சைடு மூன்று லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் பெக்மடைட்டின் குணம் ஒன்று உண்டு: கனிமம் சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் திடீரென்று ஒரு கொத்து கிடைக்கும், அடுத்த இருபது மீட்டருக்கு வெறும் ஃபெல்ஸ்பார். துளையிட்டு மாதிரி எடுத்தால் கொத்து மாட்டினால் பணக்காரச் சுரங்கம் மாதிரியும் மாட்டாவிட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரியும் தெரியும், இப்படிப்பட்ட இடத்தில் நம்பகமான இருப்புக் கணக்கு போடுவது எந்தப் புவியியலாளருக்கும் தலைவலி.

கடோலினைட்டுக்காகவே பெக்மடைட்டை வெட்டிய ஒரு முயற்சி உண்மையிலேயே நடந்திருக்கிறது, அமெரிக்காவின் டெக்சாஸில், பாரிங்கர் ஹில் என்ற இடத்தில். 1897 வாக்கில் வால்டர் நெர்ன்ஸ்ட் உருவாக்கிய விளக்கில் ஒளிரும் தண்டு சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்தது. அதற்கு இட்ரியம் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோண்டினார்கள். பெரிய பெரிய கடோலினைட் கட்டிகளும் கிடைத்தன. ஆனால் டங்ஸ்டன் இழை விளக்கு வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்குக்கு வேலை இல்லாமல் போனது, சுரங்கத்துக்கும் தேவை போனது. இப்போது அந்த இடம் புக்கனன் ஏரியின் நீருக்கடியில் இருக்கிறது. இட்டெர்பியைவிடக் கடோலினைட் செறிந்த இடத்துக்கே இந்தக் கதி.

இன்று உலகம் வாங்கும் அரிய மண் தனிமங்கள் வருவது வேறு வகைப் பாறைகளிலிருந்து. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் கார்பனடைட் என்ற பாறை, பாஸ்ட்னசைட் கனிமம், தரம் (பாறையில் ஆக்சைடின் பங்கு) ஏழெட்டு சதவீதம். சீனாவின் பயான் ஓபோ மலைமலையாக இரும்புத்தாதுவோடு சேர்ந்தே கிடைப்பது. ஆனால் இவை இரண்டும் பெரும்பாலும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற, அரிய மண் வரிசையின் எடைகுறைந்த பக்கத்துத் தனிமங்கள். டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் போன்ற கனமான பக்கம் முக்கியமாகத் தென்சீனாவிலும் பக்கத்து மியான்மரிலும் உள்ள களிமண்ணிலிருந்து வருகிறது. கிரானைட் மட்கி உண்டான அந்தக் களிமண்ணின் தரம் எவ்வளவு தெரியுமா? 0.05 முதல் 0.2 சதவீதம் வரைதான். மேலே நான் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதே அளவுதானே, பிறகு ஏன் அது லாபம், இது லாபமில்லை என்று கேட்பீர்கள். களிமண்ணில் தனிமங்கள் துகள்களின் மேற்பரப்பில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மோனியம் சல்பேட் கரைசலைப் பாய்ச்சினால் கழன்று வந்துவிடும், அரைக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். (அந்த முறை மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்திருக்கிறது என்பது தனிப் பெரிய விஷயம்.) கடோலினைட்டோ கடினமான சிலிக்கேட், பாறையை உடைத்து, அரைத்து, பிரித்து, அமிலத்தில் கரைக்க வேண்டும், கூடவே வரும் பெரிலியத்தின் தூசு நுரையீரலுக்கு நஞ்சு, தோரியமும் யுரேனியமும் கழிவில் சேரும். தரம் என்ற ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சுரங்கங்களை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் உள்ளுணர்வில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடோலினைட்டில் இருப்பவை பெரும்பாலும் கனமான பக்கத்துத் தனிமங்கள், அதாவது இன்று தட்டுப்பாடு இருக்கும் அதே தனிமங்கள். சுவீடனும் இந்த விஷயத்தில் சும்மா இல்லை. 2023 ஜனவரியில் எல்கேஏபி என்ற சுரங்க நிறுவனம் வடக்கே கிருனாவுக்குப் பக்கத்தில் பெர் யேயர் படிவில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தது. அது இரும்புத்தாதுவோடு சேர்ந்த அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில் இருக்கிறது, பெக்மடைட் இல்லை. தெற்கே நோரா ஷேர் என்ற இடத்தில் கனமான தனிமங்கள் செறிந்த, நெஃபலின் சையெனைட் என்ற ஒருவகைப் பாறை உண்டு, அதைத் தோண்டலாமா கூடாதா என்ற வழக்கு வருடக்கணக்கில் நடந்திருக்கிறது. ஆக சுவீடனில் அரிய மண் தனிமம் தேடுகிறவர்களின் கண் இந்த இடங்களில்தான்.

இட்டெர்பியை ஏன் 1933இல் மூடினார்கள் என்பதில் வருடம் உறுதி, காரணம் என்று நான் சொல்வது தொழில் அனுபவத்தில் வந்த கணிப்பு. ஃபெல்ஸ்பார் விலை குறைந்த சரக்கு, பூமியின் மேலோட்டில் மற்ற எந்தக் கனிமத்தையும்விட அதிகமாக இருப்பது. அதை 170 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை இறைத்துக்கொண்டே தூக்குவது, மேற்பரப்பிலேயே கிடைக்கும் இடங்களோடு போட்டி போட முடியாத வேலை. அன்றைக்கு இட்ரியத்துக்கோ டெர்பியத்துக்கோ சொல்லும்படியான சந்தையும் இல்லை. இட்ரியம் சேர்ந்த சிவப்பு ஒளிப்பொருள் வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கு வந்தது 1960களில், இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தை வைத்த யாக் லேசர் 1964இல், இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு மீகடத்தி 1987இல், எர்பியம் கலந்த கண்ணாடி இழைப் பெருக்கிகள் அதே காலகட்டத்தில்.

மூடிய பிறகு பனிப்போர்க் காலத்தில் சுவீடன் ராணுவம் அந்தக் குழியை எரிபொருள் சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்தியது. அதற்காகக் குடைந்த சுரங்கவழியின் சுவர்களில்தான் சமீப வருடங்களில் சுவாரசியமான ஒரு விஷயம் தெரியவந்தது. பாறை வெடிப்புகளிலிருந்து கசியும் நீர் வெளிவரும் இடத்தில் கறுப்பாக, மெத்தென்று ஒரு பொருள் படிந்து வருகிறது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்ததில் அது பிர்னசைட் வகை மாங்கனீசு ஆக்சைடு, அது உண்டாவதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு இருக்கிறது. அதில் இட்ரியமும் அரிய மண் தனிமங்களும் எடையில் சுமார் ஒரு சதவீதத்தை எட்டுகின்றன. நீர் பாறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வருவதை இந்த ஆக்சைடு பிடித்து வைத்துக்கொள்கிறது. படிவின் மொத்த அளவு மிகச் சிறியது, யாரும் வெட்டி எடுக்கப் போவதில்லை. ஆனால் 180 கோடி வருடப் பழைய பாறையிலிருந்து இன்றும் அந்தத் தனிமங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருக்கின்றன, நுண்ணுயிர்கள் அதில் பங்கெடுக்கின்றன என்பது என்னைப் பொறுத்தவரை சுரங்கத்தின் பழம்பெருமைக்குச் சற்றும் குறைந்ததில்லை. நீரிலிருந்து இந்தத் தனிமங்களை உயிரிகளின் உதவியோடு பிடிக்கும் முறை தொழிலாக வளருமா என்றால், ஆய்வக அளவில் நம்பிக்கை தரும் வேலைகள் நடக்கின்றன, தொழிலளவு இன்னும் தொலைவில்.

இப்போது கல் எடுக்கும் கேள்வி. கூடாது. சுரங்கம் பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே கனிமம் சேகரிக்கத் தடை இருக்கிறது. வாசலில் 1989இல் ஏஎஸ்எம் இண்டர்நேஷனல் என்ற உலோகவியல் சங்கம் வைத்த நினைவுப் பலகையைப் பார்க்கலாம், சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் டெர்பியம், டான்டலம் என்று பெயர்ப்பலகைகள் வரும். நல்ல மாதிரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோமில் உள்ள சுவீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கடோலினைட் சொந்தமாக வேண்டும் என்றால் நார்வேயின் பெக்மடைட்டுகளிலிருந்து வந்த பழைய மாதிரிகள் கனிம வியாபாரிகளிடம் விற்பனைக்கு வரும். இட்டெர்பி என்ற சீட்டு ஒட்டியிருந்தால் விலை ஏறும் என்பதால் பழைய சேகரிப்பின் சீட்டும், கைமாறிய விவரமும் இல்லாமல் நம்ப வேண்டாம், கல்லை மட்டும் பார்த்து இது எந்த ஊர் என்று அடித்துச் சொல்ல என்னாலும் முடியாது. வாங்கினால் மூடியுள்ள பெட்டியில், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், அறுக்கவோ அரைக்கவோ செய்யாதீர்கள், தொட்ட பிறகு கை கழுவுங்கள். அதன் கதிர்வீச்சு சாதாரணமாகக் குறைவுதான், பெரிலியம் கலந்த தூசுதான் நிஜமான ஆபத்து.